மூன்றரை வருடக் கார், ஏசியில் இரண்டாவது முறையும் கூலிங் காயில் போய்விட்டதாம். செலவு செய்யவா, விற்றுவிடவா?

முத்துநகர் டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் தூத்துக்குடி, பள்ளியில் கணக்கு டீச்சர். ஒன்றரை வருடமாக இங்கே படிக்க மட்டும் வந்துபோனவள், இன்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 2022 ஜனவரியில் எடுத்தது. நான்கு மீட்டருக்குள் வரும் 1.2 லிட்டர் பெட்ரோல், மேனுவல் கியர். ஆன்ரோடு எட்டே முக்கால் லட்சம். கம்பெனி பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் நான் கேட்டதை விட்டுவிட்டு, எது தகரம் எது இரும்பு என்று நான்கு பக்கத்துக்குச் சண்டை நடக்கும். பார்த்திருக்கிறேன்.

வீட்டில் ஐந்து பேர். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், அத்தை (மாமியார்). அத்தைக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். அதனால் ஷோரூம் ஷோரூமாகக் கூட்டிப்போய் ஏழு வண்டிகளில் ஏற்றி இறக்கிப் பார்த்தோம். குனியாமலும் தாவாமலும் உட்கார முடிந்தது இதில்தான். கதவும் நன்றாக அகலத் திறந்தது. மைலேஜ், ஏர்பேக் எல்லாம் அப்புறம்தான். அந்த விஷயத்தில் இன்றுவரை குறை சொல்ல மாட்டேன்.

இஞ்சினும் தங்கம். 58 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது, ஒருநாள்கூட வழியில் நின்றதில்லை. 2023 டிசம்பர் மழையில் (காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழை) எங்கள் தெருவில் பாதி டயர் அளவுக்குத் தண்ணீர் நின்றது. இரண்டு நாள் ஸ்டார்ட் பண்ணவே இல்லை. உள்ளே தண்ணீர் ஏறவில்லை. வடிந்த பிறகு பிரேக்கைக் கழுவிச் சுத்தம் செய்து எடுத்தோம், பிரச்சினை இல்லை. பிரேக் பேட் 40 ஆயிரத்தில் மாற்றினேன், டயர் 48 ஆயிரத்தில். இதெல்லாம் தேய்கிற சாமான், கணக்கில் சேர்க்கவில்லை.

என் வருத்தம் ஏசியில் தொடங்குகிறது.

2023 மே மாதம், வண்டி வாங்கிப் பதினாறு மாதம். கூலிங் குறைந்தது. சர்வீஸ் சென்டரில் கூலிங் காயிலில் (ஏசியில் காற்றைக் குளிர வைக்கும் பாகம்) ஓட்டை என்றார்கள். வாரண்டியில் மாற்றினார்கள், பைசா வாங்கவில்லை. ஆனால் அந்தக் காயிலை மாற்ற டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. மூன்றாம் நாள் மாலையில் போனபோது என் வண்டி எலும்புக்கூடாக நின்றது. ஸ்டியரிங் தனியாகத் தொங்குகிறது, ஒயரெல்லாம் குடல் மாதிரி வெளியே. பின் சீட்டில் ஒரு பழைய பெயிண்ட் டப்பா நிறைய ஸ்குரூ. எல்லாம் ஒரே டப்பாவில்! எது எந்த ஓட்டைக்கு என்று அந்தப் பையனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். சூப்பர்வைசர் என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்து, "கவலைப்படாதீங்க சார், டெய்லி பண்றதுதான்" என்றார். என் கணவருக்குக் கார் ஓட்டவே தெரியாது.

வண்டி திரும்பி வந்தது, கூடவே ஒரு சத்தமும் வந்தது. முன்பக்கம் இடதுபுறம், கிளவ் பாக்ஸுக்கு மேலே எங்கோ 'கிரிக் கிரிக்' என்று. நகருக்குள் தெரியாது. திருநெல்வேலி ரோட்டில் வல்லநாடு பாலத்து இணைப்புகளில் ஏறி இறங்கும்போது அது பேசத் தொடங்கும். நான்கு முறை காட்டினேன். நான்கு முறையும் ஏதோ ஸ்பிரே அடித்தார்கள், இரண்டு வாரம் வாயை மூடியிருக்கும். கடைசியாகக் கொடுத்த விளக்கம்: "பிளாஸ்டிக் மேடம், வெயிலுக்கு அப்படித்தான்." பதினாறு மாதம் அதே பிளாஸ்டிக்தான், அதே தூத்துக்குடி வெயில்தான்!

அடுத்தது இந்த ஆண்டு, 2025. மூன்று வருட வாரண்டி ஜனவரியில் முடிந்தது. ஏப்ரலில் பங்குனி உத்திரத்துக்குத் தேரிக்காட்டுப் பக்கம் எங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போனோம். செம்மண் தேரி, நண்பகல், திரும்பும்போது ஏசியில் அனல் காற்று. சின்னவன் பொங்கலை அப்படியே சீட்டில் வாந்தி எடுத்தான். அத்தை முந்தானையால் விசிறிக்கொண்டே, "அந்தக் காலத்துல மாட்டு வண்டியிலதான் வந்தோம், காத்தாவது வந்தது" என்றார்கள்.

சர்வீஸ் சென்டரில் 2,200 ரூபாய்க்கு கேஸ் நிரப்பினார்கள். ஐந்து வாரத்தில் மறுபடி அனல். இப்போது சொல்வது: திரும்பவும் கூலிங் காயில் போய்விட்டது, கம்ப்ரசரும் (கேஸை அழுத்திச் சுற்ற வைக்கும் பாகம்) "வீக்", இரண்டையும் மாற்றினால் நல்லது. எஸ்டிமேட் 38,600.

சில்லறைக் குறைகள்: டிக்கிக் கதவில் நம்பர் பிளேட் ஸ்குரூவைச் சுற்றித் துரு. ஸ்டியரிங் உறை உரிகிறது. முன்பு ஹைவேயில் லிட்டருக்கு 19 கிலோமீட்டர் கொடுத்தது, இப்போது பதினேழரை (ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் நோட்டில் எழுதுவேன், பழக்கம்).

கேள்வி இதுதான். 38,600 செலவழித்து வைத்துக்கொள்வதா, இந்த நிலையிலேயே விற்றுவிட்டு வேறு வாங்குவதா? பணத்தைவிட எனக்குப் பயம், மறுபடி அந்த டேஷ்போர்டைக் கழற்றுவதுதான்.

ராசிபுரத்தான் எழுதியது:

கம்பெனி பெயர் சொல்லாமல் கேட்டால் நாங்கள் என்ன ஜோசியமா பார்க்க முடியும்? இரண்டு முறை காயில் போனால் மூன்றாவது முறையும் போகும். வித்துட்டு நிம்மதியாக இருங்கள்.

பாளை ஏசி வேலை எழுதியது:

வணக்கம் டீச்சர். பாளையங்கோட்டையில் இருபத்தி இரண்டு வருடமாகக் கார் ஏசி வேலை பார்க்கிறேன். கோபித்துக்கொள்ளாமல் நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள், அப்புறம் விற்கலாம்.

முதலில் ஒன்று. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. சுற்றிச் சுற்றி அதே கேஸ்தான் ஓடும். ரப்பர் ஹோஸ் வழியாகப் பல வருடத்தில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஐந்து வாரத்தில் காலியானால் எங்கோ நல்ல ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் கேஸ் நிரப்பியது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்ட கதை.

எங்கே கசிகிறது என்று உங்களுக்குக் காட்டினார்களா? வாயால் சொன்னால் போதாது. கேஸோடு ஒரு சாயம் கலந்து விடுவோம். நீல லைட் அடித்தால் கசிகிற இடத்தில் பச்சையாகப் பளிச்சென்று தெரியும். கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள் இருப்பதால் நேரில் பார்க்க முடியாது. ஆனால் ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டும் ஒரு குழாய் இருக்கிறதே, அது காயிலுக்கு நேர் கீழே இருந்து வருவது. காயில் கசிந்தால் அந்தத் தண்ணீரோடு சாயமும் இறங்கும். குழாய் வாயில் பச்சை தெரிந்தால் பெரும்பாலும் காயில்தான். தெரியாவிட்டால் டேஷ்போர்டில் கை வைக்கும் முன் மற்ற இடமெல்லாம் பார்க்க வேண்டும்.

கம்ப்ரசர் "வீக்" என்பதற்கும் அளவு இருக்கிறது. கேஜ் மாட்டி, கேஸ் கம்ப்ரசருக்குள் போகும் பக்கம், வெளியே வரும் பக்கம் இரண்டிலும் பிரஷர் பார்த்தார்களா? கேஸ் குறைந்த வண்டியில் எந்தக் கம்ப்ரசரும் வீக்காகத்தான் தெரியும். சாப்பாடு போடாமல் ஓடச் சொன்ன மாதிரி.

முக்கியமான கேள்வி. 2023இல் காயில் மாற்றிய ஜாப் கார்டு கையில் இருக்கிறதா? பார்ட்ஸ் பட்டியலில் ஓ-ரிங் என்று ஏதாவது வரி இருக்கிறதா பாருங்கள்.

கோவை சக்கரம் எழுதியது:

நானும் காயில் மாற்றியவன், வேறு கம்பெனி வண்டி. ஆகவே அந்தச் சத்தத்தின் வலி தெரியும். டேஷ்போர்டைப் பிடித்திருப்பது பாதி ஸ்குரூ, பாதி பிளாஸ்டிக் கிளிப். கிளிப் ஒரே ஒருமுறை கழற்றத்தான் தாங்கும், இரண்டாவது முறை காது உடைந்து வரும். புதுக் கிளிப் வாங்கிப் போட மாட்டார்கள், அப்படியே அமுக்கிவிடுவார்கள். எனக்கு ஸ்பிரே வேலைக்கு ஆகவில்லை. தெரிந்த பையன் ஒருவன் பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசுகிற இடத்தில் துணி டேப் ஒட்டினான், முக்கால்வாசி அடங்கியது.

மைலேஜ் பற்றி: உங்கள் வண்டி 2022 ஜனவரி. புது வண்டிகளில் உதிரிபாகங்கள் ஈ20 பெட்ரோலைத் தாங்க வேண்டும் என்று வந்தது 2023 ஏப்ரலிலிருந்துதான். இப்போது பங்கில் கிடைப்பது பெரும்பாலும் அந்த ஈ20தான், அதாவது 20 சதவீத எத்தனால் கலந்தது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான சக்திதான். கணக்கு டீச்சருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, 19 பதினேழரை ஆனதில் ஒரு பகுதிக்கு அதுவே காரணம். மீதிக்கு டயர் காற்று, ஏர் ஃபில்டர் பாருங்கள். இதற்காக வண்டி மேல் கோபப்படாதீர்கள்.

விற்பதைப் பற்றி என் கருத்து: ஏசி ஓடாத வண்டியை மே மாதத்தில் விற்கப் போனால் வாங்குகிறவன் 38 ஆயிரம் குறைக்க மாட்டான், எழுபது குறைப்பான். ரிப்பேர் செய்துவிட்டு முடிவெடுங்கள்.

முத்துநகர் டீச்சர் எழுதியது:

பாளை அண்ணாச்சி, ஜாப் கார்டு எல்லாம் ஃபைலில் இருக்கிறது (வீட்டில் என்னைக் கேலி செய்வது இதற்குத்தான்). இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். 2023 மே மாதக் கார்டில் பார்ட்ஸ் மூன்றே வரி: கூலிங் காயில் ஒன்று, கேபின் ஃபில்டர் ஒன்று, ஏசி கேஸ் 400 கிராம். ஓ-ரிங் இல்லை, ஆயிலும் இல்லை. ஏன் கேட்டீர்கள்?

கசிவை எனக்குக் காட்டவில்லை. பிரஷர் பார்த்ததாகவும் எழுதவில்லை. "காயில் லீக் சஸ்பெக்டட்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. சஸ்பெக்டட் என்றால் சந்தேகம்தானே? சந்தேகத்துக்கு 38,600 ரூபாய்!

ராசிபுரத்தாருக்கு: விற்றுவிட்டு நிம்மதியாக இருங்கள் என்கிறீர்கள். அத்தையை மறுபடி ஏழு வண்டியில் ஏற்றி இறக்க என்னால் முடியாது.

பாளை ஏசி வேலை எழுதியது:

அதுதான் டீச்சர். காயில் மாற்ற வேண்டுமென்றால், அதற்குள் போய் வரும் இரண்டு பைப்பைக் கழற்றியாக வேண்டும். எக்ஸ்பான்ஷன் வால்வு (காயிலுக்குள் கேஸை அளவாக விடும் வால்வு) சேரும் இடம் அது. பல வண்டிகளில் இஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கும் தகட்டை ஒட்டி இருக்கும். அந்த இணைப்புகளில் சின்ன ரப்பர் வளையம், அதுதான் ஓ-ரிங். ஒருமுறை நசுங்கின வளையத்தை மறுபடி போடக் கூடாது. புதுசு போட்டு, ஏசி ஆயில் தடவி, கோணாமல் உட்கார வைக்க வேண்டும். ஒன்று இருபது முப்பது ரூபாய்தான். பழசையே போட்டாலோ உலர்ந்தபடி திருகினாலோ உடனே ஒன்றும் தெரியாது. ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்துதான் விடும். கார்டில் எழுதாமல் புதுசு போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதனால் இப்போதே அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நான் முதலில் லைட் அடித்துப் பார்க்கும் இடம் அதுதான்.

இன்னொன்று. உங்கள் ஊர் உப்பளக் காற்று. காயில் அலுமினியம், ஈரத்தோடு உப்பும் தூசியும் சேர்ந்தால் அரிக்கும். அதனால் காயிலே போயிருக்கவும் கூடும். எது என்று பார்த்துவிட்டுச் செலவழியுங்கள் என்றுதான் சொல்கிறேன். இனிமேலாவது வீடு வந்து சேர ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏசி பட்டனை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓட விடுங்கள், காயில் காயும். என்னிடம்தான் வர வேண்டும் என்றில்லை. தூத்துக்குடியிலேயே லைட்டும் கேஜும் வைத்திருக்கும் ஏசி கடை எதுவானாலும் போதும்.

மனு எழுதுபவன் எழுதியது:

சகோதரி, இயந்திரம் எனக்குத் தெரியாது. காகிதம் தெரியும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாட்டுக்கும் புகார் கொடுக்கலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். பல கம்பெனிகள் அந்த நிலையிலேயே இறங்கி வரும். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வக்கீல் கட்டாயமில்லை, ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே இல்லை, அதற்கு மேல் பத்து லட்சம் வரை 200 ரூபாய்.

கவனம்: புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். காயில் மாற்றியது 2023 மே என்கிறீர்கள். கசிவு தெரிந்தது இந்த ஏப்ரலில்தான் என்று நீங்கள் வாதாடலாம், அவர்கள் மறுக்கலாம். ஆகவே தள்ளிப் போடாதீர்கள். அதற்கு முன் கம்பெனியின் தலைமை வாடிக்கையாளர் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாரண்டி மூன்று மாத வித்தியாசத்தில் முடிந்தது, அதே பாகம், அதே சர்வீஸ் சென்டர், எல்லா சர்வீஸும் அங்கேயே. இப்படிப்பட்டதற்கு 'குட்வில்' என்று சொல்லிச் செலவில் ஒரு பங்கை ஏற்பதுண்டு. நாமாகக் கேட்காமல் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

வெளியே வண்டியைத் திறப்பதாக இருந்தால் அதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முத்துநகர் டீச்சர் எழுதியது (ஒன்பது நாள் கழித்து):

தாமதத்துக்கு மன்னியுங்கள். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் மைல் பக்கம் ஒரு ஏசி கடைக்குப் போனேன். பெரியவர் ஒருவர், கூட ஒரு பையன். கேஸும் சாயமும் ஏற்றி, இரண்டு நாள் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். இரண்டாம் நாள் சாயங்காலம் இருட்டிய பிறகுதான் பார்த்தார், வெளிச்சத்தில் சரியாகத் தெரியாதாம். முதலில் தண்ணீர்க் குழாய். நானும் தரையில் நியூஸ் பேப்பரை விரித்துப் படுத்துப் பார்த்தேன். பச்சை இல்லை. அப்புறம் பானெட்டைத் திறந்து, பைப் இரண்டும் உள்ளே போகும் இடத்தில் லைட் அடித்தார். அங்கே கீழ்ப் பைப்பைச் சுற்றி ஒரு பச்சை வளையம், அதிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கோடு இறங்கியிருந்தது. பள்ளி லேபில்கூட இத்தனை தெளிவாக எதையும் பார்த்ததில்லை.

கழற்றி எடுத்த ஓ-ரிங்கை என் கையில் கொடுத்தார். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் கீறல். அது பழையதா, புதியதைக் கோணலாகப் போட்டதா என்று கேட்டேன். "அதைச் சொல்ல மாட்டேன்மா, போட்டவன் நான் இல்லை" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு ஓ-ரிங், முக்கால் மணி நேரம் வேக்குவம் (பைப்புக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பது), கேஸ், ஆயில், சாயம், கூலி எல்லாம் சேர்த்து 3,450 ரூபாய். கம்ப்ரசர் பிரஷர் சரியாகத்தான் இருக்கிறதாம். டேஷ்போர்டைத் தொடவே இல்லை.

ஒரு வாரமாக நன்றாகக் குளிர்கிறது. ஒரு வாரம்தான் ஆகிறது, ஆகவே கொண்டாடவில்லை. ஐந்து வாரம் தாண்டட்டும்.

சத்தத்துக்காக அந்தப் பையன் கிளவ் பாக்ஸை மட்டும் கழற்றினான். உள்ளே ஐந்து ஸ்குரூ இருக்க வேண்டிய இடத்தில் மூன்று. ஒரு கிளிப்புக்குக் காது இல்லை. இரண்டு ஸ்குரூ போட்டு, கோவைக்காரர் சொன்ன மாதிரி துணி டேப் ஒட்டினான். வல்லநாடு பாலத்தில் போய்ப் பார்த்தேன். முன்பு 'கிரிக் கிரிக்', இப்போது ஒரே ஒரு 'கிரிக்'. இன்னும் எங்கோ ஒன்று பாக்கி இருக்கிறது.

கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், ஓ-ரிங் படத்தோடு. குட்வில் எதுவும் கேட்கவில்லை. ஏப்ரலில் வாங்கிய 2,200ஐத் திருப்பிக் கேட்டேன். நேற்று சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வந்தது. "சார் இருக்காங்களா?" என்றார்கள். வண்டி என் பேரில், மெயில் என் பேரில், போன் நம்பர் என்னுடையது. பணத்தை அடுத்த சர்வீஸில் கழித்துக்கொள்கிறோம் என்றார்கள். அங்கே அடுத்த சர்வீஸ் என்று ஒன்று இருந்தால்தானே? வங்கிக் கணக்குக்கே வேண்டும் என்று மறுபடி எழுதியிருக்கிறேன். நாளைக்குள் பதில் வராவிட்டால் 1915.

விற்கவில்லை. டிக்கித் துருவைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே? ஸ்குரூவை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மாற்றினால் போதுமா, தகட்டைச் சுரண்டி பெயிண்ட் அடிக்க வேண்டுமா?

பாளை ஏசி வேலை எழுதியது:

சந்தோஷம் டீச்சர். அந்த ஓ-ரிங்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஃபைலோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள். துருவை முதலில் சுரண்டிப் பாருங்கள். மேலாக இருந்தால் பிரைமர், டச்சப் போதும். உள்ளே இறங்கியிருந்தால் பெயிண்ட் கடைக்குத்தான் போக வேண்டும். உங்கள் ஊரில் மழைக்கு முன்னாலேயே செய்துவிடுங்கள்.